புகார் சொல்லும் இடம்

கல்லூரி வளாகத்தைக் காவல் காத்த நாய் பெருமையாகச் சொன்னது: "இத்தனை வருஷத்துல என்மேல ஒரு புகார்கூட வந்ததில்லை."

வாலில் பாதியை அதனிடம் இழந்திருந்த அணில் கேட்டது: "புகாரை எங்க வந்து சொல்லணும் அண்ணே?"

"என் கூண்டுக்குள்ள வந்து என்கிட்டதான் சொல்லணும்."

அணில் நேராக கேன்டீன் வேப்பமரத்தடிக்குப் போய், இனிமேல் புகாரை இங்கே எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று அறிவித்தது. மதியத்துக்குள் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

நாய் உறுமிக்கொண்டு வந்தது. "காவலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"காவல் உங்களுக்குத் தெரியும். கடி எங்களுக்குத் தெரியும். வரிசையில நில்லுங்க, உங்க பக்கத்தையும் கேட்போம்."

எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பதை நாய் பார்த்தது. பிறகு கடைசியில் நின்ற முயலுக்குப் பின்னால் போய் நின்றது.

முயல் திரும்பிப் பார்த்தது. ஓடவில்லை.