சங்கவியின் தலையாட்டல்

“ரெண்டு வருஷம்தானே சங்கவி, அதுக்குள்ள அவங்க பாஷையெல்லாம் உனக்கெதுக்கு? நான்தான் இருக்கேனே!” என்று வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய விமானத்தில் கணவன் இளமாறன் சிரித்ததும், “நீங்க ஆபீஸ் போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது, சுவத்துகிட்டயா?” என்று தான் கேட்டதும் சங்கவிக்கு நினைவுக்கு வந்தன. வந்து நான்கு மாதமாகிறது. சனிக்கிழமைதோறும் மகள் நறுமுகையோடு மூவரும் ஊர் சுற்றிவிட்டு ஆற்றங்கரைச் சந்தைக்கு வருவார்கள். சங்கவியின் பார்வை போகும் செர்ரி கேக்கைக் கடைக்காரம்மா தட்டோடு நீட்டுவாள். சங்கவி ஆசையாய் இருபுறமும் தலையாட்டுவாள். நம் ஊரில் அது சம்மதம்; அங்கே மறுப்பு. தட்டு உள்ளே போய்விடும். “அம்மாவுக்குப் பேச வராதுப்பா, நீயே கேளு” என்பாள் நறுமுகை. அந்தச் சொல்தான் சங்கவிக்குப் பொறுக்கவில்லை. இன்றும் இளமாறன் வாயைத் திறந்தான். “நீங்க சும்மா இருங்க” என்று அவன் கையை அழுத்தினாள். குளியலறைக் கண்ணாடி முன் மூன்று வாரம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. கழுத்தை அசையாமல் நிறுத்திக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, அந்த ஊர் மொழியில் சொன்னாள்: “அம்மா, அந்த செர்ரி கேக் எனக்கு வேணும். துண்டு இல்லை, முழுசா!”