பெருவிரல் துளை

வல்வெட்டித்துறைக் கரையில், மீன் காயப்போடும் சீமெந்துத் தரை வெறுமையாகக் கிடக்கிறது. சண்டையால் கடலுக்குப் போகத் தடை. கப்பல்காரனாயிருந்த முத்துக்குமாரு, அந்நாளில் வாங்கிவந்த பௌலிங் பந்தோடு, கட்டைகளை உருட்டி விழுத்தும் மூன்று விரல்துளைக் கனத்த பந்தோடு, மாலை வெயிலில் நிற்கிறான். ஷெல் குண்டு ஒரு கையின் பெருவிரலைக் கொண்டுபோன பிறகு, அந்தக் கையை அவன் மனைவி கமலாவதிக்கும் காட்டியதில்லை, சால்வைக்குள்ளேயே வைத்திருக்கிறான். வள்ளம் கட்டும் கனகலிங்கம் இரண்டு விரலாலேயே பிடிக்கும்படி மற்ற இரண்டு துளைகளையும் துறப்பணத்தால் ஆழமாக்கிக் கொடுத்திருக்கிறான். “நீ அங்கால திரும்பு,” என்கிறான் முத்துக்குமாரு. கமலாவதி திரும்புகிறாள். பெருவிரல் பிடிக்காத பந்து கூடுதலாகச் சுழல்கிறது. காய்ந்த தரை அதைப் பாதியிலேயே வளைத்து இழுக்கிறது. எதிர்முனையில் நிறுத்திவைத்த வலை மிதப்புக் கட்டைகளில் ஒன்றும் விழவில்லை. கை சால்வைக்குள் போகிறது.

“கப்பலில போன காலம் இந்த விளையாட்டில ஒரு சீனாக்காரனை வெண்டனான் எண்டு புளுகினனியே!” என்று கனகலிங்கம் சீண்டுகிறான். “அது எண்ணெய் பூசின தரையடா. இஞ்ச எண்ணெய்க்கு எங்க போறது?” என்கிறான் முத்துக்குமாரு. கமலாவதி வீட்டுக்குள் போய், சுவாமி விளக்குக்கு மிச்சம்பிடித்த எண்ணெயைக் கொண்டுவந்து தரையின் முன்பாதியில் தடவுகிறாள். “சாமி இண்டைக்கு இருட்டில இருப்பார். எறியுங்கோ.” சொல்லிவிட்டுத் தானாகவே திரும்பிக்கொள்கிறாள். பந்து எண்ணெயில் நேரே வழுக்கிப்போய், காய்ந்த இடத்தில் மெல்ல வளைகிறது. கட்டைகள் சடசடவென்று சரிகின்றன. “கமலா, பார்! பார்!” என்று அவன் இரண்டு கைகளையும் தூக்குகிறான். அவள் பார்க்கிறாள். காயம் இன்னும் ஆறவில்லை, ஓரத்தில் சீழ். அவள் முகம் சுளிக்காமல், முந்தானையில் சுத்தமான நுனியொன்றைத் தேடுகிறாள்.