கேட்டைத் திறந்தது யார்

குடும்ப நினைவுகளை ஒன்றாக இணைத்துத் தரும் அலுவலகத்துக்குப் பூங்கோதையும் அவள் தம்பி இளவழகனும் போனார்கள். ஒன்றைத் தவிர எல்லா நினைவுகளும் இணைந்துவிட்டன. சின்னத் தங்கை லாரியில் அடிபட்டு இறந்த அன்று வாசல் கேட்டைத் திறந்துபோட்டது யார் என்பதில் மட்டும் முரண்பாடு. இப்படி முரண்பட்டால் முன்பெல்லாம் அந்த அலுவலகத் திரையில் 'முதல் பிரதி', 'இரண்டாம் பிரதி' என்றுதான் வரும். இப்போது பெயர் போட்டே காட்டியது.

பூங்கோதையின் பிரதி: திறந்தது நான்.
இளவழகனின் பிரதி: திறந்தது நான்.

"முப்பது வருஷமா நீயுமாடா?" என்றாள். அவன் தலையாட்டினான்.

"ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும்மா. எதை அழிக்கட்டும்?" என்றார் ஊழியர்.

"ரெண்டையும் அழிச்சிருங்க."

காலியான இடத்தில் அவளே தட்டச்சு செய்தாள்: 'அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது.'

இது யாருடைய பிரதி என்று திரை கேட்டது. இருவர் பெயரையும் போட்டாள்.