சந்தனம் வைத்த விசிறி

ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் ஒரு சிப்பும் ஒரே ஒரு விசிறியும் குடியிருந்தன. விசிறிக்குத் தூசி அடைத்து மூச்சு வாங்கும். கம்ப்யூட்டரைப் போட்டது முதல் அணைக்கும்வரை ஒரே இரைச்சல்.

"வேலை செய்யறது நான், கத்துறது நீயா? கொஞ்சம் வாயை மூடேன்," என்றது சிப்.

"நீ சூடாகிறதாலதானே நான் ஓடுறேன்," என்றது விசிறி.

"எப்பப் பாரு இதே பாட்டு!"

கடைக்காரி செண்பகவல்லிக்கும் அந்த இரைச்சல் பிடிக்காது.

ஆயுத பூஜை வந்தது. செண்பகவல்லி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்காமல் வெளியே மட்டும் பளபளவென்று துடைத்தாள். முன்பக்கம் பொட்டு வைத்தாள். பின்பக்கக் கம்பி வலைக்குள் தெரிந்த விசிறியையும் அவள் விட்டுவைக்கவில்லை. விரலை நுழைத்துத் தாராளமாகச் சந்தனம் அப்பினாள். அது விடிவதற்குள் காய்ந்து இறுகிவிட்டது.

மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டாள். சத்தமே இல்லை.

"சாமி புண்ணியத்துல அந்த இரைச்சல் ஒழிஞ்சுது," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னால அசைய முடியலை," என்றது விசிறி.

"அசையாதே! இப்பத்தான் எனக்கு நிம்மதியா யோசிக்க முடியுது," என்றது சிப்.

அது யோசிக்க ஆரம்பித்தது. உடம்பு சுட்டது. யோசித்துக்கொண்டே இருந்தது.

செண்பகவல்லி பாதிப் பக்கம் டைப் அடித்திருந்தபோது திரை இருண்டது. அவள் பட்டனை அமுக்கிப் பார்த்தாள், பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் அதன் மேல் காதை வைத்தாள்.

"என்ன இது, பேச்சு மூச்சையே காணோம்!"