பழைய அடியார் கூடமே வேண்டும்

சகாதேவன் காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உறவில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே குணசுந்தரி நினைத்துவிட்டாள்.

"யாருங்க போயிட்டது?"

"அடியார் கூடம்," என்றார் அவர். "மொத்தமா மாத்திட்டானுங்க."

அடியார் கூடம் என்பது இணையத்தில் பக்தர்கள் கூடிப் பேசும் தளம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காட்டூரில் காலாட்டிக்கொண்டிருந்த சகாதேவனுக்கு ஆறு வருஷமாக அதுதான் கோயில், அதுதான் டீக்கடை.

பச்சைப் பின்னணி, ஓரத்தில் ஆடும் குத்துவிளக்கு, பெயருக்குப் பக்கத்தில் பட்டம். நூறு பதிவு போட்டால் அடியார். ஆயிரம் போட்டால் பேரடியார். சகாதேவன் ஒன்பதாயிரத்தைத் தாண்டி ஞானப்பிழம்பு ஆகியிருந்தார். அதில் ஆறாயிரம் 'அருமை, அருமை'. மிச்சமெல்லாம் அடக்கத்தைப் பற்றியும் புலால் மறுத்தலைப் பற்றியும் அவர் எடுத்த வகுப்பு.

மற்றவர்கள் புனைபெயரில் எழுதினார்கள். அவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சொந்தப் பெயர், ஊர், நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒரு படம். ஒளிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

புதிய தளத்தில் பச்சையும் இல்லை, விளக்கும் இல்லை. பட்டத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஞானப்பிழம்பு வெறும் 'உறுப்பினர்' ஆகிவிட்டார்.

ஆனாலும் இரண்டு நாளில் மனசைத் தேற்றிக்கொண்டார். குரு இருக்கிறாரே, அது போதும்.

குரு என்றால், 'கரையோரம்' என்ற பெயரில் எழுதுகிறவர். பழைய பதிகங்களுக்கு அவர் பொருள் சொன்னால் கூடமே வாய்மூடிக் கேட்கும். யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. திருவாரூர்ப் பக்கம் ரிட்டயரான தமிழ்ப் பேராசிரியர் என்று சகாதேவனே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லியும் வைத்திருந்தார். போன வருஷம் தம்பி தவறியபோது குரு எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் அவருக்கு அழுகையே வந்தது. அன்றிலிருந்து தினமும் 'குருவே, பாதம் பணிகிறேன்' என்று எழுதிவிட்டுத்தான் பல் விளக்குவார்.

மூன்றாம் நாள் தளத்தில் இன்னொரு மாற்றம். எல்லாருடைய போன் நம்பரையும் கேட்டு வாங்கி, அந்த நம்பரோடு இருந்த பெயர், ஊர், படிப்பு, படம் எல்லாவற்றையும் தானாகவே எடுத்துப் போட்டுவிட்டது.

சகாதேவன் ஆசையாகக் குருவின் பக்கத்தைத் திறந்தார்.

படத்தில் ஏரி. ஒரு படகு. படகுக்கு முன்னால் இடுப்பில் கூடையோடு ஒரு பெண். கீழே, 'செவ்வந்தி, பழவேற்காடு. எம்.ஏ. தமிழ், அஞ்சல் வழி.'

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. பதினோரு வருஷமாக ஷேர் ஆட்டோவில் வந்து அவர் தெருவில் மீன் விற்கிறவள். அவள் வாசலுக்கு வந்தால், "ஏ மீனு, கேட்டுக்கு அந்தாண்டயே நில்லு, நாறுது," என்று உள்ளேயிருந்து கத்துவது அவர்தான்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து, தளத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை எழுதிப் பொதுவில் போட்டார்.

'பழைய அடியார் கூடத்தைத் திருப்பித் தாருங்கள். அங்கே முகம் இல்லை, முகவரி இல்லை. ஆண் பெண் பேதமில்லை, உயர்வு தாழ்வு இல்லை. ஞானத்துக்கு மட்டுமே மரியாதை இருந்தது. புதிய தளம் அந்தச் சமத்துவத்தைக் குலைத்துவிட்டது.'

படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் காலைக்குள் நூற்றுத் தொண்ணூறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களைப் போல் ஊருக்கு நாலு பேர் இருந்தால் நாட்டில் ஜாதிச் சண்டையே வராது என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் உருகியிருந்தார்.

பத்து மணிக்குத் தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. குணசுந்தரி சட்டியை எடுக்க, "நானே போறேன்," என்று அவர் முந்திக்கொண்டார். தினமும் பாதம் பணிகிறவர் இவர்தான் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

செவ்வந்தி வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி, பக்கத்து வீட்டுக்கான மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு இன்னா?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அவள் நிமிரவில்லை.

"செவ்வந்தி, நைனா."

"படிச்சிருக்கியா?"

"ஏதோ கொஞ்சம்."

"போன்ல இந்த... சாமி சமாச்சாரம்லாம் பாப்பியா?"

"மீன் விக்கவே நேரம் சரியாப் பூடுது நைனா. மடவை போடட்டா, எறா போடட்டா?"

சகாதேவனுக்கு மூச்சு வந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் இப்படிக் குனிந்த தலை நிமிராமல் மீன் சீவிக்கொண்டிருப்பாளா? பழைய தளம் திரும்பி வந்துவிட்டால் பெயரும் படமும் மறைந்துவிடும். அப்புறம் குரு குருவாக இருப்பார், மீன்காரி மீன்காரியாக இருப்பாள்.

அரைக் கிலோ இறாலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கேட்டைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. கோரிக்கையில் இன்னொரு கையெழுத்து விழுந்திருந்தது. செவ்வந்தி, பழவேற்காடு. கூடவே ஒரு குறிப்பு:

'ஐயா கேட்பது நியாயம். பழைய கூடமே வேண்டும். அங்கேதான் அவர் என்னை "நீங்க"ன்னு கூப்பிடுவார்.'