அப்பாவின் பல் ரசீது

அமெரிக்காவின் டொலீடோ நகரில், வரி கட்டக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், அப்பாவின் படிவத்தை நான்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து அவர் எடுத்த அறுநூற்று நாற்பது டாலருக்கு மட்டும் ரசீது இல்லை. அந்தப் பணம் வைத்தியத்துக்கு மட்டும்தான்; வேறு செலவென்றால் வரியோடு இருபது சதவீத அபராதமும் உண்டு.

"மறுபடி அந்தப் பணத்துல தூண்டில் வாங்கினியா, டுவெய்ன்?" என்றாள் அம்மா.

"சத்தியமா இல்லடி. ஏதோ டாக்டர்தான். மறந்துபோச்சு."

ரசீது காருக்குள் கிடைத்தது. பல் அடைத்த செலவு. பல்லின் எண் முப்பத்து மூன்று.

"அப்பா, மனுஷனுக்கு முப்பத்திரண்டுதான். இதை எவன் நம்புவான்?"

"வாயத் திற," என்றாள் அம்மா. டார்ச் அடித்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அப்பா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"முப்பத்து மூணு. அடைச்சும் இருக்கு."

எங்கள் மூவருக்கும் உயிர் வந்தது. தொகையை வைத்தியச் செலவில் எழுதிப் படிவத்தை அனுப்பிவிட்டேன். அபராதம் கிடையாது. அம்மா மட்டும் டார்ச்சை அணைக்கவில்லை.

"டேய், அடுத்த வருஷம் அந்தக் கணக்குல கூடுதலாப் போடச் சொல்லு. பின்னால இன்னும் நாலு முளைக்குது."