நாரங்கி

ரங்காத்தாள் மேல் புகார் வந்தபோது சித்ரகலாவுக்கு ஆச்சரியமே இல்லை.

அருள்புரத்து பனியன் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். பார்ப்பவள் சித்ரகலா. ரங்காத்தாள் அங்கே இருபது வருஷமாக லைன் சூப்பர்வைசர். அந்தம்மாள் வாயைத் திறந்தால் நாற்பது மெஷின் ஓடுகிற சத்தமும் அடங்கிப்போகும் என்பார்கள்.

புகார் இதுதான். பபிதா என்று ஒரு பீகார்ப் பெண், டெய்லர், ஐந்து மாதக் கர்ப்பிணி. மத்தியானம் அவள் சாப்பிட உட்கார்ந்தால் ரங்காத்தாளும் எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். உப்பில் ஊறிக் காய்ந்த நாரத்தங்காயை அவள் தட்டில் வைத்து, தின்றால்தான் ஆச்சு என்று மிரட்டுகிறாள்.

சித்ரகலா கேன்டீனுக்கே போய்ப் பார்த்தாள். புகாரில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. பபிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு துண்டைக் கடித்து, முகம் எட்டுக் கோணலாக, சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"மாசமா இருக்கற புள்ளைய எதுக்குங்க இப்படிப் படுத்தறீங்க?"

"அவதானுங்க மேடம் கேட்டா" என்றாள் ரங்காத்தாள்.

சித்ரகலா தனக்குத் தெரிந்த இந்தியில் பபிதாவை விசாரித்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, எது தின்றாலும் வாந்தி வந்ததால் சூப்பர்வைசர் அக்காவிடம் 'நாரங்கி' வேண்டும் என்று கேட்டது நிஜந்தான் என்றாள்.

சித்ரகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் படித்தது எம்.ஏ. தமிழ். வயிற்றுப்பாட்டுக்குத்தான் ஹெச்.ஆர். ஒரு சொல்லுக்கு வேர் எது என்று கேட்டுவிட்டால் போதும், சம்பள நாளையே மறந்துவிடுவாள். அவளிடம் அரைநாள் லீவு கேட்கப் போனவர்கள் 'லீவு இல்லை, ஆனால் பனியன்னு ஏன் பேர் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்' என்று திரும்பி வருவது கம்பெனியில் வழக்கம்.

இப்போது கேட்கவா வேண்டும்? கேன்டீன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தியில் நாரங்கி என்றால் ஆரஞ்சுப் பழம். நாரத்தங்காய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வேர்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் பக்கத்துச் சொல் வடக்கே போய் நாரங்கம் ஆகி, பாரசீகத்தில் நாரங்கு ஆகி, அரபு நாட்டில் நாரஞ்சு ஆகி, ஐரோப்பாவில் முன்னால் இருந்த 'ந்' ஒலியைத் தொலைத்துவிட்டு ஆரஞ்சு என்று கப்பலேறி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. நாறுதல் என்றால் அந்தக் காலத்தில் மணத்தல். அதனால் மணக்கிற காய் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு.

"நாறுறதுங்களா?" என்று ரங்காத்தாள் தன் நாரத்தங்காய் டப்பாவை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"பேரு ஒண்ணா இருக்கறதால வந்த குழப்பமுங்க. பாவம், பயந்துட்டு அவளும் வாயத் திறக்கல."

"அப்படீங்களா" என்றாள் ரங்காத்தாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

சித்ரகலா அன்றைக்கே கேட்டுக்கு வெளியே இருந்த தள்ளுவண்டியில் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிப் பபிதாவிடம் கொடுத்தாள். அந்தப் பெண் சாப்பிடுகிற பக்கமே இனி போகக்கூடாது என்று ரங்காத்தாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாரத்தை ஆரஞ்சான கதையைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள். முப்பத்திரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் முதலாளி.

ஐந்தாம் நாள், பபிதா மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

கம்பெனி நர்ஸ் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, வெறும் வயிறு, அதுதான் மயக்கம் என்றாள். சித்ரகலா பதறிப்போய் அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்தாள். காலையில் கட்டி வந்த சோறும் பருப்பும் கை படாமல் அப்படியே இருந்தன. பக்கத்துக் கவரில் ஆரஞ்சுத் தோல்.

நாலு நாளாக இப்படித்தான் என்றார்கள் பக்கத்து மெஷின்காரர்கள்.

ரங்காத்தாள் ஓடி வந்து பபிதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிங் அட்டை ஒன்றால் விசிறினாள். நர்ஸ் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை வாய் வாயாகப் புகட்டினாள். புகட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். பபிதா கண்ணைத் திறந்ததும் ரங்காத்தாளின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சித்ரகலா பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"கேட்ட பழத்தத்தானுங்க குடுத்தேன்..." என்றாள்.

"நாரங்கின்னா ஆரஞ்சுன்னு எனக்கும் தெரியுமுங்க மேடம். இருவது வருசமா இந்திக்காரப் புள்ளைககூடத்தான வேலை பாக்கறன்."

சித்ரகலா அவளையே பார்த்தாள். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க அத்தனை ஆசையாச் சொல்லீட்டு இருந்தீங்க. நடுவுல பேச மனசு வரலீங்க."

"சரி, தெரிஞ்சும் எதுக்குங்க நாரத்தங்காயக் குடுத்தீங்க?"

ரங்காத்தாள் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் கையை வைத்தபடியே சொன்னாள்:

"பீஸ் ரேட்டுக்குத் தெக்கிறவ மேடம் இவ, தெச்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆரஞ்சுன்னா நாலு சொளைய வாயில போட்டுக்கிட்டு மெஷினுக்கு ஓடீருவா. நாரத்தங்காயின்னாத்தானுங்க, சோறு இல்லாம உள்ள எறங்காது."